காத்திருந்தவளும் இறங்கியவளும்

"புத்தகத்துல என்ன இருக்கோ அதைத்தான் சொன்னேன்னு சொல்லுங்க. அதுக்கு மேல ஒரு வார்த்தை வேண்டாம்" என்றார் என் வக்கீல். குடும்ப நீதிமன்றத்தின் முதல் மாடியில், ஆலோசகரின் அறை வாசலில் நின்றுகொண்டிருந்தோம். வக்கீல்கள் உள்ளே வரக்கூடாது. அதனால் என் மண்டைக்குள் ஏற்ற வேண்டியதை எல்லாம் வாசலிலேயே ஏற்றிக்கொண்டிருந்தார்.

விவகாரம் இதுதான். கோபுரம், சூனியக்காரி, குதிரையில் வரும் இளவரசன் என்று எல்லாப் பிள்ளைகளும் கேட்டு வளரும் ஒரு கதை. அதை நான் என் மகளுக்கு எப்படிச் சொன்னேன் என்பதை வைத்து, அவள் இனி என்னோடு இருப்பாளா மாட்டாளா என்று அன்று மதியம் முடிவாக இருந்தது. வேறு யார் வீட்டில் நடந்திருந்தாலும் நான் வாய்விட்டுச் சிரித்திருப்பேன். என் வீட்டில் நடந்ததால் வக்கீல் சொன்ன அந்த ஒரு வரியையே மனப்பாடம் பண்ணிக்கொண்டிருந்தேன்.

என் மகளுக்கு ஏழு வயது. நான் கூப்பிடுவது சுண்டெலி என்று. உட்காரச் சொன்ன இடத்தில் உட்காராது, கையில் கிடைத்ததைக் குடையும், அதனால் அந்தப் பெயர். நானும் அவள் அப்பாவும் பிரிந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. வாரத்தில் ஐந்து நாள் என்னோடு, சனி ஞாயிறு அவரோடு என்று நீதிமன்றம் பிரித்துக் கொடுத்திருந்தது. அன்றைக்குப் பத்தொன்பது நாளைக்கு முன்னால், ஒரு சனிக்கிழமை மதியம், அப்பா வீட்டு மாடி அறையில் இருந்த இரண்டு பெட்ஷீட்டை ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டு, ஒரு முனையைக் கட்டில் காலில் கட்டி, கம்பியில்லாத ஜன்னல் வழியாக இறங்கியிருக்கிறாள். பெட்ஷீட் நீளம் போதவில்லை. மிச்சமிருந்த உயரத்தைக் குதித்ததில் வலது மணிக்கட்டு உடைந்தது. அதிலிருந்து சனி ஞாயிறும் என்னோடுதான் இருந்தாள்.

மருத்துவமனையில் கட்டுப் போட்ட டாக்டர், ஏம்மா இப்படிச் செஞ்சே என்று கேட்டிருக்கிறார். "அம்மா கதைல அவ இப்படித்தான் இறங்குவா" என்று சொல்லிவிட்டாள். அவள் அப்பாவும் அத்தையும் பக்கத்தில்தான் நின்றிருந்தார்கள். ஒரே வாரத்தில் மனு வந்துவிட்டது. தாய் சொல்லும் கதைகளால் குழந்தையின் உயிருக்கு ஆபத்து. குழந்தை முழுக்கத் தகப்பனிடமே இருக்க வேண்டும். தாய் மாதத்தில் ஒருநாள், ஒரு அதிகாரியின் முன்னிலையில் பார்த்துவிட்டுப் போகலாம்.

மாதத்தில் ஒருநாள். அதைப் படித்த அன்று சோறு இறங்கவில்லை.

நான் அந்தக் கதையைப் புத்தகத்தில் உள்ளபடிதான் சொல்ல ஆரம்பித்தேன், அது சத்தியம். புத்தகத்தில் அந்தப் பெண் கோபுரத்து ஜன்னலோரம் உட்கார்ந்து தலை சீவுவாள், பாட்டுப் பாடுவாள், அழுவாள். ஏழு வருடம் இதே வேலை. ஏழாம் வருடம் இளவரசன் வருவான், சாவியைக் கொண்டுவந்து கதவைத் திறப்பான், கல்யாணம். நாலு நாள் சொன்னேன். ஐந்தாவது நாள் அவள்மேல் எனக்கே எரிச்சல் வந்துவிட்டது. இரண்டு கை இருக்கிறது, அறை நிறையத் துணி இருக்கிறது, இவளுக்கு என்ன கேடு என்று தோன்றியது. அப்போது நான் அந்த வீட்டைவிட்டு வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஒரு கைப்பையும் ஒரு குழந்தையுமாக வந்தவள் நான். உட்கார்ந்து தலை சீவுகிறவளைத் தாங்க முடியவில்லை.

அன்று முதல் என் இளவரசி எழுந்துவிட்டாள். சூனியக்காரி போட்ட ரொட்டியை மிச்சம் வைக்காமல் தின்று உடம்பைத் தேற்றினாள். திரைச்சீலைகளைக் கிழித்து முடிச்சுப் போட்டாள். நான் ஒரு மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். அழுக்குப் பெட்ஷீட்டுகளை மூட்டையாகக் கட்டுவதற்கு எங்களிடம் ஒரு முடிச்சு உண்டு. இரண்டு முனைகளையும் வலப்பக்கம் ஒரு சுற்று, இடப்பக்கம் ஒரு சுற்று, பிறகு இறுக்கம். இழுக்க இழுக்க இறுகும், மூட்டை மாடிப்படியில் உருண்டாலும் அவிழாது. என் இளவரசி அந்த முடிச்சைத்தான் போட்டாள். கதை சொல்லும்போதே இரண்டு துண்டை வைத்து நான் போட்டுக் காட்டுவேன். சுண்டெலி மூன்றே நாளில் கற்றுக்கொண்டாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. சலவைக்கூடத்தில் என்னோடு வேலை பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லிப் பீற்றிக்கொண்டேன்.

இப்போது அந்தப் பெருமைக்குத்தான் கணக்குக் கேட்டார்கள்.

அறைக்குள் எங்களைக் கூப்பிட்டார்கள். ஆலோசகர் ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண்மணி. கண்ணாடியை மூக்கு நுனியில் இறக்கி, அதற்கு மேலாகப் பார்க்கிற பார்வை. மேசையில் கோப்பு, அதன்மேல் மூடி கழற்றிய பேனா. எதிரே நான். எனக்கு இந்தப் பக்கம் காலி நாற்காலி, அந்தப் பக்கம் சட்டப்படி இன்னும் என் கணவராக இருப்பவர், அவருக்கு அப்பால் அவருடைய அக்கா, அதாவது என் நாத்தனார். சுண்டெலியைப் பக்கத்து அறையில் ஓர் உதவியாளரோடு உட்கார வைத்திருந்தார்கள். நடுவில் இருந்த கண்ணாடித் தடுப்பு வழியாக அவள் பின்னந்தலை மட்டும் தெரிந்தது. எனக்கு அதையே திரும்பித் திரும்பிப் பார்க்கத் தோன்றியது.

என் கணவர் தயாராகத்தான் வந்திருந்தார். முதலில் ஒரு புகைப்படத்தை மேசையில் வைத்தார். பெட்ஷீட் முடிச்சு, கிட்டத்தில் எடுத்தது. இது சலவைக்கூடத்து முடிச்சு, இவள் கையால் கற்றுக் கொடுத்தது என்றார். அடுத்து அந்தக் கதைப் புத்தகத்தையே எடுத்து வைத்தார். அட்டையில் ஜன்னலும், ஜன்னலில் ஒரு முகமும். உண்மையான கதை இதுதான், இதில் அவள் எங்கேயும் குதிக்கவில்லை, இவள்தான் தன் புத்திக்கு மாற்றிச் சொல்லியிருக்கிறாள் என்றார். அலுவலகத்தில் படம் போட்டுக் காட்டிப் பேசிப் பழகியவர், குரல் உயரவே இல்லை. சனிக்கிழமைகளில் தான் எப்போதும் வீட்டில்தான் இருப்பதாகவும், அன்று குளிக்கப் போன நேரத்தில் இப்படி ஆகிவிட்டதாகவும் மனுவில் எழுதியிருந்ததை மறுபடி சொன்னார்.

ஆலோசகர் புத்தகத்தைப் புரட்டினார். உண்மையான கதை என்று எதைச் சொல்கிறீர்கள் என்று கேட்டார். ஆலோசகர் சிறுவயதில் கேட்ட கதையில் அந்தப் பெண் சூனியக்காரியையே அடுப்பில் தள்ளிவிட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு வந்தாளாம், இளவரசன் என்று ஒருத்தன் வரவே இல்லையாம். அவர் இதைச் சிரிக்காமல் சொன்னதால் நாங்களும் சிரிக்கவில்லை. பிறகு நாத்தனாரிடம் திரும்பி, நீங்கள் அந்தக் கதையை எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்டார்.

நாத்தனார் கெட்டவர் இல்லை. இதை நான் அப்போதும் சொல்வேன், இப்போதும் சொல்வேன். தம்பி வீட்டோடு இருந்து அவருக்குச் சமைத்துப் போட்டு, மாடிப்படிக்குக் கீழே சின்னதாக ஒரு தையல் கடை வைத்துப் பிழைக்கிறவர். முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டே சொன்னார். அவர் கதையில் அந்தப் பெண் ரொம்ப நல்ல பெண். கதவு பூட்டியிருந்தால் தட்ட மாட்டாள், கத்த மாட்டாள். தலையைச் சீவிக்கொண்டு, ஜன்னலோரம் உட்கார்ந்து பாட்டுப் பாடுவாள். அவள் அவ்வளவு பொறுமையாக இருந்ததால்தான் இளவரசன் வந்தான். ஜன்னலில் எட்டிப் பார்த்து, சத்தம் போட்டவர்களுக்கு எல்லாம் யாருமே வரவில்லை. "பிள்ளைங்க அடக்கமா இருக்கணும்னுதானே கதையே சொல்றோம்" என்று முடித்தார். ஆலோசகர் அதை வரி விடாமல் எழுதிக்கொண்டார்.

பேனா என் பக்கம் திரும்பியது. நீங்கள் எந்தக் கதையைச் சொன்னீர்கள்?

மாதத்தில் ஒருநாள் என்ற சொல் நினைவுக்கு வந்தது. வக்கீலின் முகம் வந்தது. முடிச்சை எங்கேயாவது பார்த்துக் கற்றிருப்பாள், பிள்ளைகள் எதைத்தான் பார்ப்பதில்லை. ஏழு வயதுப் பேச்சை யார் பெரிதாக எடுத்துக்கொள்ளப் போகிறார்கள்.

"புத்தகத்துல இருக்கிறதைத்தான் சொன்னேன்" என்றேன்.

என் கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். எட்டு வருடம் கூட வாழ்ந்தவருக்கு நான் பொய் சொல்லும்போது காது மடல் சிவப்பது தெரியும். மறுத்துப் பேச வேண்டிய தேவை அவருக்கு இல்லை, குழந்தை வந்து சொல்லிவிடும். ஆலோசகர் தலையாட்டிவிட்டு, கடைசியாகக் குழந்தையிடம் கேட்டுவிடுவோம் என்றார். விதியையும் சொன்னார். பெரியவர்கள் பின்னால் சுவரோரம் உட்கார வேண்டும். பேசக் கூடாது, சைகை காட்டக் கூடாது, இருமக்கூடக் கூடாது. மீறினால் அது அறிக்கையில் ஏறும்.

சுண்டெலி வந்து காலி நாற்காலியில் உட்கார்ந்தாள். கால் தரையைத் தொடவில்லை. மாவுக்கட்டுப் போட்ட கையை மேசைமேல் ஒரு சாமானை வைப்பதுபோல வைத்தாள். என்னையும் பார்க்கவில்லை, அப்பாவையும் பார்க்கவில்லை. இந்த இரண்டு வருடத்தில் அவள் கற்றுக்கொண்ட நாகரிகம் அது. ஒருவரைப் பார்த்தால் இன்னொருவருக்கு வலிக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

கை வலிக்கிறதா, பள்ளிக்கூடத்தில் யார் எழுதித் தருகிறார்கள் என்று கொஞ்ச நேரம் பேசிவிட்டு, ஆலோசகர் புத்தகத்தை அவள் பக்கம் நகர்த்தினார். "உங்கம்மா இந்தக் கதையை இதுல இருக்கிற மாதிரியேதான் சொன்னதா சொல்றாங்க. அப்படியா?"

சுண்டெலி அட்டையைப் பார்த்தாள். பிறகு மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள்.

அவள் கண்ணில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். அவள் யோசித்துக்கொண்டிருந்தாள். எந்தப் பதிலைச் சொன்னால் அம்மாவுக்கு நல்லது என்று ஏழு வயதுத் தலைக்குள் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தாள். டாக்டரிடம் தான் சொன்னது தப்பாகிவிட்டது என்று அவளுக்குப் புரிய ஆரம்பித்தது, அதை நான் கண்ணாரப் பார்த்தேன். உதடு பிரிந்தது. "ஆமா" என்று சொல்லப் போகிறாள். எனக்காகப் பொய் சொல்லப் போகிறாள். அந்தப் பொய்யை அப்பாவும் அத்தையும் இதே அறையில் வைத்துக் கிழித்துத் தொங்கப் போடுவார்கள், அவள் நடுவில் உட்கார்ந்திருப்பாள்.

"இல்ல, நான்தான் பொய் சொன்னேன்" என்று எழுந்துவிட்டேன். "கதையை மாத்தினது நான். முடிச்சுப் போடக் கத்துக் குடுத்ததும் நான்தான். அவ டாக்டர்கிட்ட சொன்னது அத்தனையும் நிஜம்."

ஆலோசகர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். உட்காரச் சொன்னார். பேனா நாலைந்து வரி ஓடியது. என் கணவர் மூச்சை நிதானமாக விட்டதுகூடக் காதில் விழுந்தது. தீர்ந்தது, இனி மாதத்தில் ஒருநாள்தான் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் வியர்த்து ஊற்றிக்கொண்டிருந்த உடம்பு சட்டென்று ஆறியது, அதையும் சொல்லியாக வேண்டும்.

ஆலோசகர் மறுபடி அவளிடம் குனிந்தார். "அப்ப உனக்கு ரெண்டு கதை தெரியும். அத்தை கதைல அவ காத்திருப்பா. அம்மா கதைல அவளே இறங்கிடுவா. உனக்கு அம்மா கதைதான் பிடிச்சிருந்துச்சா? அதனாலதான் இறங்கினியா?"

"இல்ல" என்றாள். "முதல்ல அத்தை கதையைத்தான் செஞ்சேன்."

"செஞ்சேன்னா?"

"தலை சீவிக்கிட்டேன். ஜன்னல்கிட்ட உக்காந்து பாட்டுப் பாடினேன். பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுத்த பாட்டு எல்லாத்தையும் பாடிட்டேன். யாரும் வரல." நல்ல கையால் மேசை விளிம்பைச் சுரண்டினாள். குரல் இறங்கியது. "ஒண்ணுக்கு வந்துச்சு. கதவு பூட்டி இருந்துச்சு. தட்டினா நல்ல பொண்ணு இல்லன்னு அடக்கிக்கிட்டு இருந்தேன். அப்புறம் கொஞ்சமாத் தட்டினேன். அப்புறம் ரொம்ப வந்திடுச்சு. அதனாலதான் அம்மா கதை."

என் பக்கத்தில் ஒரு நாற்காலி கிரீச்சிட்டது. என் கணவர் அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை. கதவு பூட்டியிருந்தது அவருக்குத் தெரியாது என்பது எனக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. குளிக்கப் போனேன் என்று எழுதிக் கொடுத்திருந்தவர் அன்று வீட்டிலேயே இல்லை, அலுவலகத்தில் இருந்திருக்கிறார் என்பது பிறகு வெளியே வந்தது. நாத்தனார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தார். விதியை யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை. கீழே கடையில் கல்யாணத் துணி ஒன்று அவசரமாகக் கேட்டார்கள், பிள்ளை படியில் இறங்கித் தெருவுக்குப் போய்விடக் கூடாதே என்றுதான் பூட்டினேன், மிஷின் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை, எவ்வளவு நேரம் ஆனது என்றே தெரியவில்லை என்று அழுகைக்கு நடுவே சொன்னார். ஆலோசகர் கேட்டபோது, ஒவ்வொரு சனிக்கிழமையும் பூட்டுவதுண்டு என்றார். அந்தக் கதையைச் சொல்லிவிட்டுத்தான் பூட்டுவாராம். அப்போதுதான் பிள்ளை சமர்த்தாக உட்கார்ந்திருக்குமாம்.

எனக்கு எழுந்து அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் என்றிருந்தது. ஆலோசகர் அதற்குள் என்னிடம் திரும்பிவிட்டார். கதவு பூட்டியிருந்தது உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டார்.

தெரியாது என்றேன்.

"பத்தொன்பது நாளா உங்ககூடத்தானே இருக்கா. கேக்கலையா?"

கேட்கவில்லை. எதை எதையோ கேட்டேன். டாக்டரிடம் என்ன சொன்னாய், அப்போது பக்கத்தில் யார் இருந்தார்கள், முடிச்சை அம்மா சொல்லிக் கொடுத்தாள் என்றும் சொன்னாயா, அத்தை என்ன கதை சொல்வாள் என்று துருவித் துருவிக் கேட்டேன். அத்தனையும் வக்கீலுக்கு வேண்டிய கேள்விகள். ஏன் இறங்கினாய் என்று ஒரே ஒருமுறை கேட்டேன். கதைல அப்படித்தானே என்றாள். அதற்குமேல் எனக்குத் தேவைப்படவில்லை. எந்த இளவரசி சரி, எந்த இளவரசி தப்பு என்று நாங்கள் பெரியவர்கள் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தோம். அந்த மாடி அறையில் இவளுக்கு என்ன அவசரம் என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. வெட்கமாக இருந்தது. அதை மறைக்காமல் ஆலோசகரிடம் சொன்னேன்.

அறிக்கையில் என்ன வந்தது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவள் என்னோடுதான் இருக்கிறாள். அவள் அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் நீதிமன்றத்துப் பூங்காவுக்கு வந்து பார்க்கிறார். தாய் முதலில் பொய் சொன்னார், பிறகு தானாகவே திருத்திக்கொண்டார் என்று என்னைப் பற்றியும் இரண்டு வரி இருக்கிறது. அது நியாயம்தான். வக்கீல் ஜெயித்துவிட்டோம் என்றார். எனக்கு அப்படித் தோன்றவில்லை, ஏனென்றால் அந்த அறையில் கடைசியாக ஒரு கேள்வி பாக்கி இருந்தது, அதற்கு வந்த பதிலில் நான் ஜெயிக்கவில்லை.

கோப்பை மூடப் போகும்போது ஆலோசகர் அதைக் கேட்டார். அறிக்கைக்காகக் கேட்டதுபோல இல்லை, மனசு பொறுக்காமல் கேட்டதுபோல இருந்தது. அந்த மாடி ஜன்னலுக்குக் கீழேயே தெரு. எதிரே மருந்துக் கடை, போகிற வருகிற ஜனம். என் போன் நம்பர் சுண்டெலிக்கு மனப்பாடம், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பாள்.

"ஜன்னல்ல இருந்து யாரையாவது கூப்பிட்டு, எங்கம்மாவுக்குப் போன் போடுங்கன்னு சொல்லியிருக்கலாமேம்மா. அம்மாவைக் கூப்பிடணும்னு உனக்குத் தோணவே இல்லையா?"

சுண்டெலி நிஜமாகவே யோசித்தாள். ஒரு கதையை முதலில் இருந்து கடைசிவரை மனசுக்குள் ஓட்டினாள். பிறகு இன்னொன்றையும் ஓட்டினாள். உதடு அசைந்ததில் இருந்து அது எனக்குத் தெரிந்தது.

"ரெண்டு கதைலயும் அம்மா இல்லையே" என்றாள்.